ஆரோக்கியமான தங்கை

என் மகள் மேவிஸ் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மரத்துப்போக ஊசி போட்டாகிவிட்டது. பட்டாணி அளவுக்குத் தோலை வட்டமாக வெட்டியெடுக்கும் கத்தியை நர்ஸ் உறையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். லேபிலிருந்து போன் வந்த அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் அப்போதுதான் கேட்டேன். எனக்குப் புத்தி எப்போதும் ஒரு ஸ்டாப் தள்ளித்தான் வந்து இறங்கும்.

"என்னோட தோல்தான் உங்ககிட்ட இருக்கே. அப்புறம் எதுக்கு இவளோடது?"

நர்ஸ் பக்கத்தில் நின்ற ஆராய்ச்சி மாணவனைப் பார்த்தாள். ப்ரைஸ் என்று பெயர். நல்ல பையன்தான், வாய்தான் நிற்காது.

"உங்க செல்லை நாங்க ரெண்டு வருஷமா தொடறதே இல்லைங்க. தொல்லை தாங்கல. நரம்பா மாத்தினா ஆறாவது வாரம் எல்லாம் செத்துப்போகுது. உங்க அண்ணனோடது மாதிரியே. மூணு தடவை முதல்லேர்ந்து ஆரம்பிச்சுப் பாத்தோம். மூணு தடவையும் அதே கதை. கன்ட்ரோலே செத்துட்டா எதோட ஒப்பிடறது, சொல்லுங்க? அதான் வீட்டுல வேற ஆரோக்கியமான ஆள்..."

அங்கே நிறுத்தினான். தான் சொன்னது அவன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது போலிருந்தது. முகம் வெளுத்துப்போனது.

என் அண்ணன் காஸிமிர் சக்கர நாற்காலியில் எனக்குப் பக்கத்தில் இருந்தான். கை கால் போய், பேச்சும் போய், கண் மட்டும்தான் இப்போது அவன் சொன்னபடி கேட்கிறது. எதிரிலிருக்கும் திரையில் கண்ணாலேயே எழுத்துகளைத் தொடுவான், பெட்டி பேசும். தசையை ஆட்டுவிக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய். அப்பாவைக் கொண்டுபோனதும் இதுதான். எங்கள் குடும்பத்தில் எந்த மரபணுவால் இது வருகிறது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

அதனால்தான் நாலு வருடம் முன்பு இருவரும் இங்கே தோல் கொடுத்தோம். அந்தத் தோலை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து நரம்பை வளர்த்து, அது சாவதைத் தட்டில் வைத்துப் பார்த்து மருந்து தேடுவார்கள். காஸிமிர் நோயாளி. பக்கத்தில் வைத்து ஒப்பிட அதே ரத்தத்தில் நோயில்லாத ஒரு ஆள் வேண்டும். அவர்கள் பேச்சில் 'கன்ட்ரோல்'. அது நான். தட்டில் என் செல்கள் வளர ஆரம்பித்ததும் படம் எடுத்து அனுப்பினார்கள். கீழே 'ஆரோக்கியமான தங்கை' என்று எழுதியிருந்தது. அதை பிரிட்ஜில் ஒட்டினேன். பஸ் டிப்போவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டேன். இன்றைக்கும் அது பிரிட்ஜில்தான் இருக்கிறது. நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

"சட்டைக் கையை இறக்குடி" என்றேன் மேவிஸிடம்.

"அம்மா, இரு..."

"இறக்குன்னு சொல்றேன்ல! ப்ரைஸ், போய் உங்க டாக்டரைக் கூட்டிட்டு வா. இப்பவே."

டாக்டர் ஹால்வர்சன் சிரித்தபடி வந்தாள். ப்ரைஸைப் பார்த்ததும் சிரிப்பு போயிற்று.

"லோர்னா, பதறாதீங்க. தட்டுல நடக்கறதை வச்சு ஒருத்தருக்கு நோய் இருக்குன்னு சொல்லிட முடியாது. வளர்ப்புல கோளாறா இருக்கலாம்."

"அப்போ இவன் செல் தட்டுல செத்ததை வச்சு எப்படி ஊரெல்லாம் மேடை ஏறிப் பேசறீங்க? இவனோடது செத்தா கண்டுபிடிப்பு, என்னோடது செத்தா வளர்ப்புக் கோளாறா?"

"கோளாறுன்னுதான் நாங்க நினைச்சோம்."

"மூணு தடவையுமா? நினைச்சீங்களா, இல்ல அப்படி இருந்தா சௌகரியம்னு விட்டுட்டீங்களா?"

அவள் மெல்லச் சொன்னாள். "கட்டுரை முடியற நேரம். கன்ட்ரோல் ஒத்துழைக்கல. வெளியாளோட செல்லைப் போட்டு முடிச்சோம். ஆராய்ச்சி முடிவைத் தோல் கொடுத்தவங்ககிட்ட சொல்றதில்லைங்கறது விதி. நீங்களும் அதுக்குச் சம்மதிச்சிருக்கீங்க."

"ஒத்துழைக்கலையாம்! நான் என்ன கடைசி பெஞ்சுல உக்காந்து கலாட்டா பண்ணினேனா? உங்க விதியைக் கொண்டுபோய் அடுப்புல போடுங்க. சொல்லக் கூடாத விஷயம் அது. சரி. ஆனா அது தெரிஞ்சுக்கிட்டே என் மகளுக்குப் போன் பண்ணி, 'உங்க வீட்டுல ஆரோக்கியமா வேற யாராவது இருக்காங்களா'ன்னு கேக்கலாமா? நான் கெட்டுப்போயிட்டேன், அடுத்த பாக்கெட்டை உடைக்கறீங்க, அவ்வளவுதானே? டாக்டர், நான் ஸ்கூல் பஸ் ஓட்டறேன். தினமும் அம்பது புள்ளைங்க என் காலை நம்பி உக்காந்திருக்குது!"

என் குரல் நடைபாதைக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

காஸிமிரின் பெட்டி பேசியது. அதற்குக் கோபமும் தெரியாது, அழுகையும் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே குரல்தான். "சின்ன வயசிலேர்ந்து இவ என்னைப் பாத்துதான் எல்லாத்தையும் காப்பி அடிப்பா."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "வாயை மூடுடா" என்றேன். அவன் கண் ஓரத்தில் தண்ணீர் நின்றது. அவனால் துடைக்க முடியாது என்பதால் நானே துடைத்தேன்.

மேவிஸ் எழுந்து நின்றாள். சட்டைக் கையை அவளே இறக்கிக்கொண்டாள். "டாக்டர், நான் ஒருநாள் தோல் குடுத்தாலும் குடுப்பேன். அதை நான் முடிவு பண்ணுவேன். ஆனா ஆரோக்கியம்னு எழுதி ஒட்டறதுக்கு உங்களுக்கு நான் ஆள் இல்ல. முதல்ல எங்க அம்மாவோட செல்லை வெளியே எடுங்க."

"உறைய வச்சு நைட்ரஜன்ல இருக்கு. பத்திரமாத்தான் இருக்கு" என்றான் ப்ரைஸ் அவசரமாக.

"எடுத்து வளர்த்துங்க" என்றேன். "இவனோடதுக்குப் பக்கத்துலயே வைங்க. கன்ட்ரோலா இல்ல. மருந்தை இவன் செல்லுல ஊத்தறப்ப என்னோடதுலயும் ஊத்தணும். சாகுதா பொழைக்குதா, எதுன்னாலும் எனக்கு முதல்ல சொல்லணும். இன்னொரு தடவை கோளாறுன்னு சொன்னீங்கன்னா..."

"சொல்லமாட்டோம். முடிவை உங்ககிட்ட சொல்ல அனுமதி நான் வாங்கறேன்" என்றாள் ஹால்வர்சன். "தப்பு பண்ணிட்டோம், லோர்னா. திங்கக்கிழமை நரம்பு டாக்டர்கிட்ட நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

மன்னிக்கிற மனநிலையில் நான் இல்லை. காஸிமிரின் நாற்காலியைத் திருப்பினேன். அன்று வெள்ளிக்கிழமை, ஹோட்டலில் மீன் வறுவலுக்கு மேஜை சொல்லி வைத்திருந்தோம். மரத்த கையைத் தொங்கப் போட்டபடி மேவிஸ் முன்னால் நடந்தாள்.

பனிக்காலத்திலிருந்தே என் இடது கால் படியிலும் பாயிலும் தட்டிக்கொண்டிருந்தது. பூட்ஸ் தேய்ந்துவிட்டது என்று புதிது வாங்கினேன். காலையில் இதே கட்டடத்தின் வாசலில் தட்டியபோதும் "இந்தப் பாழாப்போன பூட்ஸ்" என்றுதான் திட்டினேன். காஸிமிர் என் காலைப் பார்த்தான், எதுவும் எழுதவில்லை. அவனுக்கு ஆரம்பித்தபோது பந்து உருட்டி ஆடப்போகும்போது போடும் பௌலிங் ஷூ வழுக்குகிறது என்றுதான் நாங்களும் சொன்னோம்.

கதவுக்குக் கீழே விரல் உயரத்துக்கு ஒரு இரும்புப் பட்டை. நாற்காலி தாண்டிவிட்டது. என் இடது கால் தாண்டவில்லை. முன்பாதம் தொங்கி, பட்டையில் இடித்து, நான் நாற்காலியின் பிடியைப் பிடித்துத் தொங்கினேன்.

நர்ஸ், ப்ரைஸ், ஹால்வர்சன், மூவரின் கண்களும் என் காலில் இருந்தன. மேவிஸும் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

பூட்ஸ் என்று நான் சொல்லவில்லை. நிமிர்ந்து நின்று ஹால்வர்சனின் முகத்தைப் பார்த்தேன்.

"பாத்தீங்கல்ல? எழுதிக்கங்க. இதையாவது தூக்கிப் போட்டுடாதீங்க."