வடத்தைப் பிடித்த கை

சவூதியிலிருந்து சஃபீர் லீவில் வந்திருப்பதாகத்தான் பெரியபட்டினத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அங்கே கிடங்கில் பெட்டி இறக்கும்போது அவனுடைய வலது தோளில் தசைநார் பாதி கிழிந்துபோனதும், கை தூக்க முடியாதவனுக்கு இங்கே வேலையில்லை என்று கம்பெனி அனுப்பிவிட்டதும் யாருக்கும் தெரியாது. மனைவி நூர் நிஷாவிடம்கூட அவன் சொல்லவில்லை. சட்டை மாட்டும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டான்.

கூட்டாளியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு ராமநாதபுரத்தில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனான். அவர் அவனுடைய ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, மெஷினில் சுழற்றி, தட்டணுக்கள் திரண்ட மஞ்சள் நீரை மட்டும் பிரித்து, ஸ்கேனில் பார்த்தபடியே தோளுக்குள் ஊசியாகப் போட்டார்.

"எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன் தம்பி. பாதிக் கிழிசல்தானே, முயற்சி பண்ணுவோம். நான் சொல்ற வரைக்கும் எதையும் தூக்காதீங்க, இழுக்காதீங்க. வீட்லயும் சொல்லி வைங்க."

தலையாட்டிவிட்டு வந்தான். சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்தபோது, தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று திடீரென்று வலுத்தது. நூர் நிஷாவின் அண்ணன் காஜா நவாஸின் வள்ளத்தை அலை தூக்கித் தூக்கிக் கரையில் அடித்தது. ஆண்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, அதை மேட்டுக்கு இழுக்க வடத்தைப் பிடித்தார்கள். சஃபீரும் ஓடினான். ஆனால் வடத்தைத் தொடாமல் நின்றான்.

"மச்சான், ஒரு கை புடிங்க!" என்று காஜா கத்தினான்.

"அவரு சவூதிக்காரருல்ல, கையில மண்ணு ஒட்டிரும்" என்றார் அடுத்த வீட்டு மதார் சாச்சா. நாலைந்து பேர் சிரித்தார்கள். காஜா சிரிக்கவில்லை. அவமானப்பட்டவன்போலத் தலையைத் திருப்பிக்கொண்டான். அதைத்தான் சஃபீரால் தாங்க முடியவில்லை. தோளில் அடிபட்டிருக்கிறது என்று சொன்னால் போதும். வாய் வரவில்லை. வடத்தைப் பிடித்து மூச்சைக் கட்டி இழுத்தான்.

வள்ளம் மணலேறியது. அவன் தோளுக்குள் ஏதோ படக்கென்று அறுந்து, கை துவண்டு விழுந்தது. எல்லோர் முன்னாலும் மணலில் உட்கார்ந்து வாந்தியெடுத்தான்.

மறுபடி ஸ்கேன் எடுத்த அதே ராமநாதபுரம் டாக்டர், உடன் வந்திருந்த நூர் நிஷாவைத்தான் கோபித்துக்கொண்டார். "ஊசி போட்டு ஒரு வாரங்கூட ஆகல. நீங்களாவது தடுக்க வேணாமாம்மா? இப்ப முழுசா அறுந்துபோச்சு. இனிமே ஊசிக்கு வேலையில்ல, ஆபரேஷன் பண்ணித் தைக்கணும்."

"எந்த ஊசி?" என்று அவள் சஃபீரைப் பார்த்தாள்.

அவனுக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. "அவளுக்குத் தெரியாது சார்."

வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை.

"நீங்க கதவச் சாத்துனப்பல்லாம், சவூதில இருக்குற எவகூடயோ போன் பேசுறீங்கன்னு நெனச்சேன். அதுக்கு நோன்பு வெச்சு துஆ கேட்டேன். என்னைய அப்படி நெனைக்க வெச்சுட்டீங்களே."

அறுந்த தோள்கூட அவனுக்கு அப்படி வலிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் காஜாவும் மதார் சாச்சாவும் பார்க்க வந்தார்கள். சாச்சா வாசலிலேயே தயங்கி நின்றார்.

"ஒங்க மேல தப்பில்ல சாச்சா. வேலை போயித்தான் வந்தேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றான் சஃபீர். சொல்லி முடிக்கும்வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

காஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "தோளு ஆறட்டும் மச்சான். மீன் ஏலத்துல வெலை கூவ எனக்கு ஆளில்ல. அதுக்கு வாய் போதும், வாரீங்களா?"

சஃபீருக்குச் சிரிக்க வரவில்லை. "வாரேன்" என்றான்.