இடது பக்கத்து சீட்

ஷ்யாம்சுந்தரின் கார் இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், கூரை கிடையாது. துருப்பிடித்த கூடாக வாங்கிவந்து, கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதற்குத் தின்னக் கொடுத்து ஓடவைத்திருந்தான். சுப்ரஜாவைப் பக்கத்தில் உட்காரவைத்து மகாபலிபுரம் போய்வர வேண்டும். அதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இல்லை.

முதல்முறை அவளை ஏற்றிக்கொண்டு தெருமுனை தாண்டுவதற்குள் கார் இடது பக்கம் இழுத்தது. கேம்ப் ரோட்டில் ஜெயவேலுவின் அலைன்மென்ட் கடையில் சக்கரங்களைச் சரிபார்த்தான். அதன் பிறகு ஒரு வாரம் தனியாக ஓட்டினான். நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது. அதை நம்பி மறுபடி அவளை ஏற்றினான். மேடவாக்கத்தில், ஓரமாக நின்றிருந்த தண்ணீர் லாரியை நோக்கிக் கார் சாய்ந்தது. தாழ்வான கார், லாரியின் டயர் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அவள் இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள். இனி அதில் ஏறப்போவதில்லை என்று அன்று ராத்திரி சொன்னாள். சண்டையாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். சாம்பாருக்கு உப்பு போதும் என்பதுபோலச் சொன்னாள்.

இன்று காலை அவன் மறுபடி கடைக்கு வந்தான். காரை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும் என்பதால் அவள் ஸ்கூட்டியில் பின்னால் வந்தாள்.

“கம்ப்யூட்டர்ல எல்லாம் பச்சையா கீது சார்” என்றார் ஜெயவேலு.

“இவர் தனியா போனா ஒழுங்காத்தான் போறது” என்றாள் சுப்ரஜா, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல். “நான் ஏறினாத்தான் கோச்சுக்கறது. இவர் காருக்கு என்னைப் பிடிக்கல.”

ஜெயவேலு அவளையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். கிண்டல் இல்லை, விஷயமே அதுதான் என்றார். எடை குறைந்த வண்டி. இடது பக்கம் ஆள் ஏறினால் அந்தப் பக்கம் அமுங்கி, சக்கரத்தின் கோணம் மாறிவிடுகிறது. இரண்டு பேரின் எடையையும் உள்ளே வைத்துத்தான் அலைன்மென்ட் செய்ய வேண்டும். மேடம் ஏற வேண்டாம், சிமென்ட் மூட்டை வைத்துக்கொள்ளலாம்.

“மேடம் எத்தினி கிலோ?”

பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருந்த இருவரும் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். சுப்ரஜா ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்தாள். “மூட்டையெல்லாம் வேண்டாம்ணா” என்று சொல்லி, போய் இடது சீட்டில் உட்கார்ந்தாள்.

எடையைச் சொல்லாமல் தப்பிக்கத்தான் ஏறினாளோ என்னவோ. ஷ்யாமுக்கு அதுவே போதும்.

ஷ்யாமும் ஏறிக்கொள்ள, கார் கடையின் வேலைப் பள்ளத்தின் மேல் நின்றது. கீழே ஜெயவேலு ஸ்பானரைத் திருகிக்கொண்டிருந்தார். எதிரே சுவர், அதில் ஒரு டயர் காலண்டர். கையில் போன் இல்லாமல், இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று ஷ்யாம் நினைத்தான். ஏதோ ரயில் கிளம்பக் காத்திருப்பதுபோல் இருந்தது. அவள் காதருகே போய், “தேங்க்ஸ்” என்றான்.

காலடியிலிருந்து குரல் வந்தது. “பேசிக்கினு இரு சார், வேணான்னு சொல்லல. மேடம் பக்கம் சாயாத. அளவு மாறுது.”

சுப்ரஜா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் காரே ஆடியது. மேடமும் கொஞ்சம் சிரிக்காமல் இருக்க வேண்டும் என்று கீழிருந்து கோரிக்கை வந்தது.

வேலை முடிந்ததும் ஜெயவேலு மேலே ஏறிவந்து, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அவள் இறங்குவதற்காக ஷ்யாம் காத்திருந்தான். அவள் துப்பட்டாவைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

மேடவாக்கத்தில் அன்றைக்குப்போலவே ஒரு தண்ணீர் லாரி ஓரத்தில் நின்றது. அவள் கை கதவின் விளிம்பைப் பற்றியது. கார் கோடு விலகாமல் அதைத் தாண்டியது. பற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்ததைப் பார்த்தபோது, பள்ளத்துக்குள் இருந்த மனிதரையும், பக்கத்தில் இருந்தவளையும், ஏன், வைக்காமல் விட்ட அந்த சிமென்ட் மூட்டையையும்கூடக் கும்பிட வேண்டும்போல் ஷ்யாமுக்கு இருந்தது.

திரும்புவதற்காக அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

“எதுக்குத் திரும்பற? ஸ்கூட்டிய சாயந்திரம் எடுத்துக்கலாம்” என்றாள் சுப்ரஜா. “வெயில் ஏறறதுக்குள்ள மகாபலிபுரம் போயிடலாம்.”