ஜெஸ்டின் வண்டி

என் மகன் ஜெஸ்டின் வாசற்படியில் கால் வைத்ததும் நான் எழுந்து போய் அவன் முகத்தருகே என் முகத்தைக் கொண்டுபோனேன். மழையில் நனைந்த சட்டை, டீசல், இஞ்சி பிஸ்கட். வேறு வாடை இல்லை. ஆனால் நான் மோந்து பார்த்தது ஜெஸ்டினுக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டான். அவனுக்குச் சோறு போட்டுவைத்த தட்டை என் மனைவி செபஸ்தியம்மா மூடிவைத்தாள். மூடிய சத்தம் தேவைக்கு மேல் பெரிதாகக் கேட்டது.

விஷயம் அன்று மாலையே லயத்து வீடுகள் முழுக்கப் பரவியிருந்தது. ஜெஸ்டின் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளை அப்புத்தளைப் பள்ளிக்கூடத்துக்கு வேனில் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவன். வண்டி ஹல்துமுல்லை முதலாளியுடையது. முதலாளி தன் வேன்களுக்கெல்லாம் ஒரு சின்னப் பெட்டி பூட்டியிருக்கிறார். வண்டி எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்பதைப் பெற்றோர் போனில் ஒரு புள்ளியாகப் பார்க்கலாம். அன்று பிள்ளைகள் வந்துசேர இருட்டிவிட்டது. அப்புத்தளை வீதியில் மரம் விழுந்து பாதை அடைத்திருந்தது என்றான் ஜெஸ்டின். போனிலோ அவன் பெயர் போட்ட புள்ளி பெரகல சந்திச் சாராயத் தவறணை வாசலில் நெடுநேரம் அசையாமல் நின்றிருந்தது.

பிள்ளைகளும் மரத்தைத்தான் சொன்னார்கள். "பிஸ்கட் வாங்கிக் குடுத்து வாய அடைச்சிருக்கான்" என்றார்கள் பெரியவர்கள். பிஸ்கட் வாங்கிக் கொடுத்தது உண்மைதான். பசியோடு அழுகிற பிள்ளைகளுக்கு வேறு என்ன கொடுப்பது? நாளைக்கு ஒரு பிள்ளையும் ஏறாவிட்டால் இந்த ஓட்டத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக முதலாளி போனில் சொல்லிவிட்டார். என் தகப்பனார் இந்தத் தோட்டத்தில் கோயில் சாவி வைத்திருந்தவர். நான் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டியவன். எங்கள் வீட்டில் ஒருவனைப் பார்த்துக் குடித்துவிட்டு வந்தான் என்று எவரும் சொன்னதில்லை. இனியும் சொல்லவிடுவதாக இல்லை.

விடிந்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தின் ஓரத்தில் வேன் நின்றது. ஜெஸ்டின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். முதலாளியின் வேன்களெல்லாம் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான். உள்ளே எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்கு மேலே செபஸ்தியம்மா ஒட்டிவைத்த அந்தோனியார் படம் இருக்க வேண்டும். அங்கே பிள்ளையார் உட்கார்ந்திருந்தார்.

"இது யாரு வண்டி?"

"கிருஷ்ணராஜ் வண்டி. என் வண்டிக்கு கிளச் வழுக்குது, இந்த ஏத்தத்துக்குத் தாங்காது. மொதலாளி முந்தாநாத்து மாத்திவுட்டாரு. அவன் கீழ்ப் பக்கந்தானே வாடகைக்கு ஹயர் ஓட்டுறான்."

"அத ஏண்டா நேத்து சொல்லல?"

துணியைப் பிழிந்து உதறினான். "நீங்க எங்க கேட்டீங்க? மோந்துதானே பாத்தீங்க."

களத்தில் தாய்மார்கள் வந்து நின்றார்கள். பிள்ளைகள் வெள்ளை உடுப்பில், ஆளுக்கொரு கை தாயின் பிடிக்குள். முன்னால் நின்றவள் யசோதினி. அவள் மகள்தான் இந்த வேனில் ஆகச் சின்னவள். அவள் பயத்தை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் முந்தின நாள் அதிகமாகக் கத்தியவளும் அவள்தான்.

"யசோதினி, போன எடு" என்றேன். "ஜெஸ்டின் எங்க நிக்கிறான்னு பாரு."

"இந்தா நிக்கிறாரே, மாமா."

"கண்ணால பாக்கச் சொல்லல. நேத்து நீ கண்ணால பாத்தா சொன்ன? போன்ல பாரு."

அவள் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள். திரும்ப வேனைப் பார்த்தாள். "கொஸ்லந்தையில போய்க்கிட்டு இருக்காருன்னு காட்டுது" என்றாள் மெல்ல.

பின்னால் யாரோ சிரித்தார்கள். "ஏய் ஜெஸ்டின், கொஸ்லந்தையில மழையா?"

"கிருஷ்ணராஜ் மொனராகலைக்கு ஹயர் போறான்" என்றான் ஜெஸ்டின், துடைப்பதை நிறுத்தாமல். "என் வண்டியில."

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. பெட்டி வண்டியோடு இருக்கிறது, ஆளோடு இல்லை. வண்டிக்கு நம்பர்தான் அடையாளம். எங்கள் ஆட்களுக்கு எந்த வண்டியின் நம்பரும் தெரியாது. எந்த வாகனத்தையும் ஓட்டுகிறவன் பெயரால்தான் சொல்லுவோம். நான் ஓட்டிய லொறி இன்றைக்கும் யாகோப்பு லொறிதான், அதை இரும்புக்கு விற்ற பிறகும். அதனால் போனிலும் நம்பரை அழித்து டிரைவர் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறார்கள். பெரகலயில் போனுக்குக் காசு போடும் ரீலோட் கடை வைத்திருக்கும் ஸித்தி ஸுபைதாவும் கேட்டபடி செய்து கொடுத்திருக்கிறாள்.

"அதுக்குள்ள போய்ப் பாக்க எல்லாருக்கும் ஒரே பாஸ்வர்ட்தான் மாமா" என்றாள் யசோதினி. "மறந்து மறந்து போய்க் கேக்குறோம்னு கடைக் கண்ணாடியில எழுதி ஒட்டி வச்சிருக்காங்க."

"கண்ணாடிக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"வெளியிலேருந்து வாசிக்கலாம்."

"அப்ப சந்தியில பஸ்ஸுக்கு நிக்கிறவன் எவனும் நம்ம புள்ளைங்க எந்த வளைவுல நிக்குதுங்கன்னு பாக்கலாம்."

யசோதினி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நேற்று புள்ளி பொய் சொன்னபோது இல்லாத பயம் இப்போது அவள் முகத்தில் இருந்தது.

கூட வந்திருந்த தகப்பன் ஒருவன் மட்டும் விடவில்லை. "அப்ப தவறணையில நின்னது கிருஷ்ணராஜா?"

"வண்டி நின்னுச்சு" என்றேன். "ஆளு என்ன செஞ்சான்னு அந்தப் பொட்டிக்குத் தெரியாது. அவனுக்கும் அப்பன் இருக்கான். நேத்து என் வீட்டுக்குப் பண்ணத இன்னைக்கு அவன் வீட்டுக்குப் பண்ணாதீங்க."

யசோதினி மகளின் கையை விட்டாள். குழந்தை ஓடிப்போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டது. மற்றவர்களும் ஏறினார்கள். எவரும் ஜெஸ்டினிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் பக்கம் அந்தப் பழக்கம் இல்லை. ஒருத்தி அவனுக்கு ரொட்டிப் பொட்டலம் ஒன்றை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

நான் கடைசியாக ஏறிப் பெரகலயில் இறங்கினேன். கடை திறக்கும்வரை வாசலில் நின்றேன். "ஐயோ, காக்கா, நல்லதுக்குத்தானே ஒட்டினேன்" என்றாள் ஸித்தி ஸுபைதா, என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பவள். அவள் நல்லவள். அந்தக் காகிதத்தை என் நகத்தால் சுரண்டியே எடுத்தேன். நான் பார்த்திருக்கவே வண்டிகளுக்கு நம்பரைத் திரும்பப் போட்டாள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி பாஸ்வர்ட் கேட்டு முதலாளிக்குப் போன் போட வைத்தேன். உங்களுக்கும் அந்தப் புள்ளியைப் போனில் போட்டுத் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மாலையில் ஜெஸ்டின் வந்தான். நான் கதிரையில்தான் இருந்தேன், எழுந்திருக்கவில்லை. அவன் நேரே என்னிடம் வந்தான். குனிந்தான். வாயை நன்றாகத் திறந்து, "ஹா" என்று என் முகத்தில் ஊதினான்.

செபஸ்தியம்மா குசினி அடுப்பருகிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நான் முகத்தைத் திருப்பவில்லை. அவன் மூச்சு என் மூக்குக் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்து, அதற்குப் பின்னால் என் மகனின் முகம் தெரியாமல் போய், பிறகு ஓரத்திலிருந்து கொஞ்சங்கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்தது.