ஆலை ஓடிய நேரத்தில் வைத்த வெல்டிங்

“பெயின்டைச் சுரண்டு. கழுத்து வெல்டிங்கை நான் பாக்கணும்.”

விதாத் இதைச் சொன்னபோது அவள் அண்ணன் ஹமாதி மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கைத் துணியால் மெருகேற்றிக்கொண்டிருந்தான். துணி நின்றது. மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா லரூசி தலையைத் தூக்கவில்லை. ஆனால் வாய்க்குப் போன தேநீர் கிளாஸ் பாதியில் நின்றது.

வீட்டின் கீழ்த்தளத்துப் பட்டறைக்கு லரூசி போட்ட விதி ஒன்றே ஒன்றுதான். என்ன வேண்டுமானாலும் கேள். ஒருத்தன் வைத்த வெல்டிங்கைத் திறந்து காட்டச் சொல்லாதே. அது அவனை நடுத்தெருவில் உடுப்பை அவிழ்க்கச் சொல்வதற்குச் சமம். இன்ஜினியரிங் முடித்து வந்த மகளிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டார். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். மிதித்ததற்கு இன்றுவரை வீட்டில் பேச்சு வாங்குகிறாள்.

“மேடம் இன்ஜினியருக்குக் கண்ணுலயே எக்ஸ்ரே இருக்குமே. பெயின்டோட பாக்க வேண்டியதுதானே?” ஹமாதி இளித்தான்.

“பல்லைக் காட்டாதண்ணே. செவ்வாய்க்கிழமை நான் துனிஸுக்கு இன்டர்வியூ போயிருந்தப்போ நீ கழுத்துக்கு வெல்டிங் வச்சுட்ட. அன்னைக்குப் பூரா ஆலை ஓடியிருக்கு.”

ஹமாதியின் சிரிப்பு அணைந்தது.

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் அது ஆலிவ் பருவம். பக்கத்து எண்ணெய் ஆலை ஓடத் தொடங்கினால் கரன்ட் இறங்கித் தெரு விளக்கெல்லாம் மங்கிப்போகும். அப்போது வெல்டிங் வைத்தால் பொறி பறக்கும், மேலே தடமும் அழகாக விழும். உள்ளே இரும்பு உருகிச் சேர்ந்திருக்காது. ஆலை நிற்கும்வரை வண்டியின் இரும்புச் சட்டத்தில் கை வைக்கக் கூடாது என்பது அந்தத் தெருவில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

“யார் சொன்னா உனக்கு?”

“ஆலைக்காரர் பொண்டாட்டி. ரொட்டிக் கடையில வச்சு. ஆலையை நிறுத்துங்கன்னு நீ சுவத்தைத் தட்டித் தட்டிக் கத்துனியாம். அவங்க நிறுத்தலைன்னதும் நீ பாட்டுக்கு வெல்டிங்கை ஆரம்பிச்சுட்டியாம். சொல்லிச் சொல்லிச் சிரிச்சா.”

நாலு மாத வேலை அந்த வண்டி. பழைய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். மீதி எல்லாம் இந்தப் பட்டறையில் வளைத்ததும் கடைந்ததும். துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நிசார், முன்சக்கரம் எட்டி நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். அதற்காகச் சட்டத்தில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கழுத்தை அறுத்து ஆறு டிகிரி சாய்த்து வரைந்து கொடுத்தவள் விதாத். கழுத்து சாயச் சாய அந்த ஒரு மூட்டில்தான் இழுவை ஏறும் என்பதும் அவள் போட்ட கணக்கு. மூட்டு விட்டால் முன்சக்கரம் தன் வழியே போகும். நாளை ஜும்மா தொழுகை முடிந்ததும் நிசார் பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்து மத்மாத்தா மலைக்குக் கிளம்புகிறான்.

லரூசி கிளாஸைக் கீழே வைத்தார். “ஹமாதி, ஆலை ஓடுச்சா?”

“மெஷின்ல கரன்ட்டைக் கூட்டி வச்சுத்தான் பண்ணினேன் பாபா.”

“நான் கேட்டது அது இல்ல.”

“ஓடுச்சு.”

“தடத்தை ஏன் தேய்ச்சு மட்டமாக்கின?”

“வழவழன்னு இருக்கணும்னு அவன்தான் கேட்டான்.”

“உள்ளயும் பிடிக்கல, வெளிய இருந்ததையும் தேய்ச்சு எடுத்தாச்சு,” என்றாள் விதாத். “இப்ப ரெண்டு உசுரைத் தாங்கறது பட்டியும் பெயின்டும்தான்.”

அப்பா எழுந்துபோய் வண்டியின் கழுத்தில் கட்டைவிரலை ஓட்டினார். முப்பது வருஷம் இரும்போடு கிடந்த விரல். அவருக்குத் தெரிந்துவிட்டது, அவர் திரும்பிய விதத்திலேயே அது அவளுக்குப் புரிந்தது. பெயின்டைச் சுரண்டக் கிரைண்டரை எடுக்கப் போகிறார் என்று நினைத்தாள்.

“நிசாரை மெதுவா ஓட்டச் சொல்லு,” என்றார் மகனிடம். “போயிட்டு வரட்டும். அப்புறம் நான் பாத்துக்கறேன்.”

“மலையிறக்கத்துல பிரேக்கைப் பிடிப்பானே பாபா! அப்ப மெதுவா சாவானா?”

“வாயை அடக்கு. இன்னைக்கு இதைத் திறந்தா, நாளைக்கு உங்கண்ணனை நம்பி எவன் சட்டம் குடுப்பான்?”

அவளே கிரைண்டரை எடுத்தாள். ஹமாதி சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான்.

“கழுத்தைச் சாச்சது யாரு? நீ! படம் உன்னோடது. நிசார்கிட்ட அதையும் சொல்லுவியா?”

அது சுருக்கென்று தைத்தது. கிரைண்டரின் கனம் மணிக்கட்டில் இறங்கியது.

“அதைத்தான் முதல்ல சொல்லுவேன்.”

நிசாரிடம் போனில் சொன்னால் ஆகாது. அண்ணன் அடுத்த போனிலேயே பொம்பளைப் பிள்ளையின் பயம் என்று சிரித்து மழுப்பிவிடுவான். கிரைண்டரை மேசையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

“வாசலைத் தாண்டினா இந்தப் பட்டறைக்குள்ள திரும்பக் கால் வைக்காத,” என்றார் லரூசி. குரல் உயரவில்லை. அவர் சொன்னால் சொன்னதுதான்.

“சரி பாபா.”

ஐஸ் தொழிற்சாலையில் நிசாரின் ஷிப்ட் முடிய அரை மணி நேரம் இருந்தது. பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல் துறைமுகத்தைப் பார்க்க நடந்தாள்.