தகட்டின் மேல் மிளகாய்

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இருந்தும் உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் அந்த சோலார் மெஷின் முக்கி முனகி நின்றுவிட்டது. தொட்டியில் பாதிகூட இல்லை.

மல்லாங்கிணறு பக்கத்து அந்த ஊருக்கு மெஷின் வந்ததிலிருந்து சாவி நாகஜோதியிடம்தான். காடு கரை வைத்திருக்கும் சம்சாரி வீட்டு மருமகள் சாவி வைத்திருந்தால் தண்ணீர் யார் வீட்டுக்குப் போகும் என்று ஊர் அப்போதே கேட்டது. பட்டாசுக் கம்பெனி வேனில் போகிற பெண்கள் சாயங்காலம்தான் திரும்புவார்கள். எவ்வளவு பிந்தி வந்தாலும் அவர்களுக்கு ஆளுக்கொரு குடம் உண்டு என்று வாக்குக் கொடுத்துத்தான் ஊர் வாயை அடைத்திருந்தாள்.

மோட்டாரைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் மெஷின் அறையின் மொட்டைமாடிக்கு ஏறியவளுக்குப் பகீரென்றது.

சோலார் தகடுகளின் மேல் பழைய சேலைகளை இழுத்துக் கட்டி, செக்கச்செவேலென்று மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அவள் மாமனார் சோலைச்சாமி பக்கத்தில் நின்று காக்கா விரட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சுடுகிற இடம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், வெடிக்குழாயோ வத்தலோ எதையாவது காயப்போடாமல் கை சும்மா இருக்காது. அதற்காக இங்கேயா?

"மாமா, என்ன வேலை பாத்து வச்சிருக்கீக?"

"நேத்து மழையில நனைஞ்சு போச்சு தாயி. களம் ஈரமாக் கெடக்கு. இது சும்மாதான கெடக்கு?"

சும்மா கிடக்கிறதாம்! அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மிளகாயை அள்ளி முடிப்பதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது.

வேன் வந்தது. முன்னால் நின்றவர்களுக்குக் கிடைத்தது. கடைசியில் நின்ற வீரலட்சுமி வெறும் காற்று வந்த குழாயைப் பார்த்தாள். "ஒங்க வீட்டுக்குப் போக மிச்சம் இருந்தாத்தான எங்களுக்கு?"

நாகஜோதிக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய், காலையில் பிடித்து வைத்த குடத்தைத் தூக்கி வந்து வீரலட்சுமியின் குடத்தில் ஊற்றினாள்.

சாப்பிட உட்கார்ந்த சோலைச்சாமி ஒரு மடக்கு குடித்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்ன தாயி, இம்புட்டுக் கரிக்குது?"

"போர்த் தண்ணி மாமா. நம்ம குடத்த வீரலட்சுமிக்கு ஊத்திட்டேன். அவ பங்கத்தான் நீங்க மெளகாய்க்குக் குடுத்துட்டீகளே."

"அதுக்கென்ன? பொறந்ததுலருந்து இதத்தான குடிச்சோம்." வீம்புக்கு இன்னொரு மடக்கு குடித்தார். தொண்டையில் இறங்கவில்லை. எழுந்து போய் வாசலில் துப்பிவிட்டு வந்தார்.

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "வீரலட்சுமி வீட்டுல சின்னப் பிள்ளைக இருக்குல்ல?"

"இருக்குக மாமா."

குழம்பு காரம். சோலைச்சாமிக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் கேட்காமலே சாப்பிட்டு முடித்தார்.