கழுவி விட்ட கீழ்த்தளம்

கப்பலின் கீழ்த்தளத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். கால்நடை டாக்டர் வரும் நாளில் அப்படித்தான் வழக்கம். மூத்திர நாற்றம் அடங்கிவிடும். டாக்டரும் மூக்கைச் சுளிக்காமல், ஆடுகள் பயணத்துக்குத் தகுதி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

இந்த முறை வந்த டாக்டர் புதியவள். ஆடுகளை ஏற்றி அனுப்பும் முகவரின் அக்கா மகள். இந்த வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்ததே அந்த மாமாதான்.

ஏணியில் இறங்கியதுமே அவள் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. கழற்றிக்கொண்டு பார்த்தாள். கம்பித் தடுப்புகளுக்குள் செம்மறிகள் நெருக்கியடித்து நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை. கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து, நாக்குத் தொங்க இரைத்துக்கொண்டிருந்தன. ஒன்றின் ரோமத்துக்குள் விரலை விட்டவள் சூடு தாங்காமல் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

செம்மறி மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைக் கழிக்கும். காற்றே ஈரமாகிவிட்டால் எவ்வளவு இரைத்தாலும் சூடு போகாது. நாற்றத்தை மறைக்க ஊற்றிய தண்ணீர் அவற்றை நின்ற இடத்திலேயே அவித்துக்கொண்டிருந்தது.

மேலே வந்து மாமாவிடம் சொன்னாள். அவர் கடல்காற்றில் சட்டை படபடக்க நின்றிருந்தார். கப்பல் கிளம்பினால் காற்று வந்துவிடும் என்றார். ஜன்னலே இல்லாத தளத்துக்கு எந்த வழியாக வரும் என்று கேட்டாள். விசிறி இருக்கிறதே என்றார். அது அதே ஆவியைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கிறது என்றாள்.

"எனக்கு மட்டும் பாவமா இல்லையாம்மா? என்ன பண்ணச் சொல்றே?"

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு மாமா."

விசேஷ வீடுகளில்கூட வாய் திறக்காத பெண். மாமாவின் முகம் கறுத்தது. நீ கையெழுத்துப் போடாவிட்டால் போட வேறு டாக்டர் இருக்கிறார் என்று செல்போனை எடுத்தார்.

அவள் மறுபடி கீழே இறங்கினாள். வெளியாள் உள்ளே இருக்கும்வரை கப்பல் நகரக் கூடாது. முதல் நாள் அதைச் சொல்லிக்கொடுத்தவரும் மாமாதான். ஈரத்தரையில் உட்கார்ந்தாள். அருகில் ஓர் ஆடு முன்கால் மடங்கிச் சரிந்தது. கம்பி இடுக்கில் கைவிட்டு அதன் தலையைத் தாங்கிக்கொண்டாள்.

ஏணி உச்சியில் மாமா, மூக்கில் கைக்குட்டையோடு.

"மேல வா. உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நீங்க கீழ வாங்க. இது பக்கத்துல நின்னு ஒருதரம் கூப்பிடுங்க, வந்துடறேன்."

இரண்டு படி இறங்கினார். இருமல் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

கப்பல் தலைவருக்குக் கிளம்பும் அவசரம். கடைசியில் கீழ்த்தளத்து ஆடுகளை மட்டும் கரையில் இறக்கிவிடச் சொன்னார். ஆடுகள் தள்ளாடிக்கொண்டு சாய்பலகையில் ஏறிப் போயின. அவள் கையில் இருந்த தலை மட்டும் கனத்துக்கொண்டே வந்து, பிறகு இரைப்பதை நிறுத்தியது.

மேல்தளத்து ஆடுகளுக்குக் கையெழுத்துப் போட வேறு டாக்டர் வந்துகொண்டிருக்கிறார், சீக்கிரம் கழுவி விடுங்கள் என்று மேலேயிருந்து மாமாவின் குரல் கேட்டது. தண்ணீர்க் குழாயோடு கப்பல் ஊழியர் ஒருவர் இறங்கி வந்தார்.

"கழுவாதீங்க அண்ணா," என்றாள். "அவரும் பாக்கட்டும்."

அவர் ஆட்டைப் பார்த்தார். குழாயைக் கீழே போட்டார்.