முன்னூற்றுப் பதினாறு அதிகாரங்கள்

மாநகரின் நாற்பத்தேழாம் வட்டத்தின் நிர்வாக அதிகாரங்கள் முன்னூற்றுப் பதினாறும், இன்று காலை ஒன்பது இருபதுக்கு, வீட்டுப் பின்புறம் துணி காயும் கொடிக்கு அடியில், கை வைத்த பனியனோடு காலமாயின என்பதைப் பொதுமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த அதிகாரங்களை வைத்திருந்தவரின் மனைவி, கட்டிலில் கிடத்தியிருந்த அவருடைய வலது கட்டைவிரலை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சீல் மை. ஊதா நிறம். சோப்புப் போட்டும் போகவில்லை. டாக்டர் வந்து, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, மாரடைப்பு என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"விடுங்க அண்ணி. அது போகாது," என்றான் கொழுந்தன்.

"இருக்கட்டும். போற இடத்துல யாருக்காவது சீல் குத்தவேண்டி வரும்."

கொழுந்தன் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சினான். மயானத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கி வருவதாகச் சொல்லி ஸ்கூட்டரை எடுத்தான். மயானக் கதவு ஐந்து மணிக்கு மூடிவிடும். அடுத்த மூன்று நாளும் விடுமுறை.

தெருவில் அவருக்கு 'வட்டம்' என்றுதான் பெயர். வட்ட அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் எழுத்தராக இருந்தவர். அலுவலகம் என்றால் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஓர் அறை. மேலே கசிந்தால் கீழே கோப்பு நனையும். மற்றவர்கள் போட்ட உத்தரவுகளில் சீல் குத்துவது அவர் வேலை. அத்தனை வருஷத்தில் அவர் குத்திய சீல் ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரே மனிதரும் அவர்தான். வீட்டில் எந்தச் சட்டையைப் போடுவது என்று கேட்டுவிட்டுத்தான் குளிக்கவே போவார்.

அப்படிப்பட்டவரிடம்தான் அதிகாரம் வந்து சேர்ந்தது. 'வாசல்வரை அதிகாரம்' என்று திட்டத்துக்குப் பெயர். மேயர் மேடையில் ஆளுயர அட்டைச் சாவி ஒன்றை ஆணையரிடம் கொடுத்தார். ஆணையர் துணை ஆணையரிடம் கொடுத்தார். அவர் மண்டல அதிகாரியிடம் கொடுத்தார். மண்டல அதிகாரி வட்ட அதிகாரியைத் தேடினார். அந்தப் பதவிக்கு நாலு வருஷமாக ஆள் போடவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் கோப்பை இடுக்கிக்கொண்டு நின்ற எழுத்தர் கண்ணில் பட்டார். கைதட்டல் ஓய்வதற்குள் அவர் பொறுப்பாளர் ஆகிவிட்டார்.

சாவியை ஆட்டோவில் ஏற்ற முடியாமல் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அட்டை நல்ல தடிமன். மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள்; அன்றிலிருந்து அதைத் தரையில் போட்டு, அதன்மேல்தான் துணி வெட்டினாள்.

அதிகாரங்கள் ஒரு பெரிய கோப்பில் வந்தன. குழியைக் குழி என்று அங்கீகரிக்கும் அதிகாரம் வட்டத்துக்கு. அதை மூடும் மண் தலைமையகத்துக்கு. எரியாத தெருவிளக்கை எரியவில்லை என்று அறிவிக்கும் அதிகாரம் வட்டத்துக்கு, பல்பு தலைமையகத்துக்கு. முழுசாகக் கீழே வந்தவை பிறப்பும் இறப்பும்தான். அவை யார் கையெழுத்துக்கும் காத்திராமல் நடக்கிறவை என்பதால் தலைமையகத்துக்கு அவற்றின்மேல் பெரிய ஆசை இல்லை.

கோப்பு வந்த வாரமே அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பேனாவை வைத்தால் காகிதம் கிழியும். ஒருநாள் மதியம், கைக்குழந்தையோடு ஒரு பெண் வீட்டு வாசலில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே இவர் அவளுடைய விண்ணப்பப் பாரத்தைப் பார்த்தபடி வியர்த்துக்கொண்டிருந்தார்.

"குடுங்க இங்க," என்றாள் மனைவி.

மாதிரித் துணியைப் பார்த்து வெட்டுவது அவளுக்குத் தொழில். அவருடைய பழைய கையெழுத்து ஒன்றை எடுத்து, நாலு தடவை துண்டுக் காகிதத்தில் ஓட்டிப் பார்த்து, ஐந்தாவதைப் பாரத்தில் போட்டாள். அவர் சத்தம் போடாமல் சீல் கட்டையை எடுத்தார். ஒரு கையால் மறுகை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சடக்கி, நச்சென்று குத்தினார். நேராக விழுந்தது.

அதற்குப் பிறகு பதினொரு மாதம் கோப்புகள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தன. அவள் கையெழுத்துப் போட, அவர் சீல் குத்தினார். நாற்பத்தேழாம் வட்டம் நடந்தது.

கொழுந்தன் ஒரு மணிக்குத் திரும்பினான். வட்ட அலுவலகம் பூட்டியிருந்தது. அதன் பூட்டுச் சாவி செத்தவரின் கால்சட்டைப் பையில். அதனால் மண்டல அலுவலகம் போயிருக்கிறான். பின்னாலேயே ஒரு கார் வந்தது. மண்டல அதிகாரியும் கவுன்சிலரும் இறங்கினார்கள். கூடவே ஒரு மலர்வளையம். மலர்வளையத்துக்கான ஒப்புதல் கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டதாம். அந்த அதிகாரம் மட்டும் இன்னும் கீழே வரவில்லை.

கவுன்சிலர் கட்டில் பக்கத்தில் நின்று, நாலு பேர்தான் இருந்தார்கள் என்பதைக் கவனிக்காமல், ஒரு மைதானத்துக்குக் கேட்கிற குரலில் பேசினார். "அதிகாரத்தை மக்களோட வாசலுக்கே கொண்டுவந்த மாமனிதர்." மாமனிதரின் வாயில் ஒரு ஈ உட்கார்ந்தது. அவள் விசிறியால் விரட்டினாள். ஈ கவுன்சிலரிடம் போயிற்று.

"சார், அந்த மயானச் சீட்டு," என்றான் கொழுந்தன்.

மண்டல அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் போட முடியாதுப்பா. மனசில்லாம இல்ல. எனக்கு அந்த அதிகாரமே இப்ப கிடையாது. கீழ குடுத்தாச்சு."

"குடுத்தத இன்னைக்கு ஒரு நாள் திரும்ப வாங்கிக்கிட்டா?"

"வாங்கினா சீர்திருத்தம் என்ன ஆகும்? நாளைக்கே பேப்பர்ல வரும், மண்டலம் அதிகாரத்தைப் பிடுங்கிடுச்சுன்னு."

"அப்ப அண்ணன் இடத்துல வேற ஆளப் போடுங்க."

"போடலாம். வட்டக் குழு பரிந்துரை பண்ணணும்."

"குழு எப்ப கூடும்?"

"வட்டப் பொறுப்பாளர் கூட்டினா கூடும்."

எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். பொறுப்பாளர் கூட்டுகிற மாதிரித் தெரியவில்லை.

"ஐஸ் பெட்டி நான் அனுப்பறேன்," என்றார் கவுன்சிலர். "மூணு நாள்தானே. நாலாவது நாள் தலைமையகத்துல பேசி ஒரு வழி பண்ணிடலாம்."

"மூணு நாளா?" என்றாள் அவள். அவர்கள் வந்தபின் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "உசிரோட இருந்தப்ப சேர்ந்தாப்ல ஒரு நாள் அவர வீட்டுல இருக்க விட்டிருப்பீங்களா?"

வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்துவிட்டது. அவள் எழுந்து ஒரு போர்வையை ஜன்னலில் கட்டினாள். மூன்று நாள் வெயிலை ஒரு போர்வையால் நிறுத்த முடியாது என்பது கட்டும்போதே தெரிந்தது.

ஏதாவது நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று மண்டல அதிகாரிக்குத் தோன்றியது. "அம்மா, இவரால எங்களுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? போன மாசம் தலைமையகத்துல திரை போட்டுக் காட்டினோம். இந்தப் பக்கம் இவரோட பழைய கையெழுத்து. அப்படியே கோழி கிளறின மாதிரி. அந்தப் பக்கம் அதிகாரம் வந்ததுக்கப்புறம் போட்ட கையெழுத்து. என்ன தெளிவு, என்ன தன்னம்பிக்கை. பொறுப்பக் குடுத்தா மனுசன் எப்படி வளருவான்ங்கிறதுக்கு இதவிட ஆதாரம் வேணுமான்னு ஆணையரே எழுந்து நின்னு கேட்டார்."

"எழுந்து நின்னா கேட்டார்?"

"எழுந்து நின்னுதாம்மா."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அளவெடுக்கிற பார்வை. உண்மையைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். சொன்னால் ஆணையர் உட்கார்ந்துவிடுவார். ஆனால் பதினொரு மாதத்தில் அந்த வட்டத்தில் பிறந்த அறுநூற்றெட்டுக் குழந்தைகளும் பிறக்காதவர்கள் ஆகிவிடுவார்கள். செத்தவர்கள் திரும்ப முதலிலிருந்து சாக வேண்டியிருக்கும். இவரும் இப்படியே கிடப்பார்.

"அவசரத்துக்கு ஆகும்னு சில பாரத்துல முன்னாடியே கையெழுத்துப் போட்டு வச்சிருப்பாரு," என்றாள். "பாத்துட்டு வரேன்."

தையல் அறைக் கதவைச் சாத்தினாள். மிஷினுக்கு அடியில் பாரக்கட்டு இருந்தது. அட்டைச் சாவியை மடியில் வைத்து, அதன்மேல் பாரத்தை வைத்தாள். இறந்தவர் பெயர். வயது. நேரம். 'பொறுப்பாளர் உடலை நேரில் பார்த்தாரா' என்ற இடத்தில் 'ஆம்' என்று எழுதினாள். அதில் பொய் ஒன்றுமில்லை.

கையெழுத்து ஒரே வீச்சில் வந்தது. கடைசியில் அவர் போடும் சிறு கொக்கியும் வந்தது.

பிறகு சீல். அதை அவள் இதுவரை தொட்டதில்லை. அவர் செய்கிற மாதிரியே ஒரு கையால் மறுகை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் குத்தினாள். எடுத்துப் பார்த்தாள். வேறு பாரம் எடுக்கலாம் என்று கட்டைப் புரட்டினாள். அதுதான் கடைசி.

மண்டல அதிகாரி கையெழுத்தைப் பார்த்ததும் தலையாட்டினார். "இதான் நான் சொன்னது. பாருங்க, இந்தத் தெளிவ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கிறது விதிப்படி தப்பும்மா. ஆனா அதுக்கு நடவடிக்கை எடுக்கிற அதிகாரமும் இப்ப வட்டத்துக்குத்தான்." எல்லோரும் இன்னொரு முறை கட்டிலைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள்.

மயானக் கதவுக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். காவலாளி வயதானவர். பாரத்தை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கையெழுத்தை அவர் பார்க்கவே இல்லை.

"இது வட்டத்தோட சீலா?"

"ஆமா," என்றான் கொழுந்தன். "என்ன சந்தேகம்?"

"இருபது வருசமா அவர் சீட்டு என்கிட்டதான் வருது. கோணலா ஒண்ணு வந்ததில்ல. இது கோணலா இருக்கு." காவலாளி பெயர் எழுதியிருந்த இடத்தைப் படித்தார். பிறகு வண்டிக்குள் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

அவள் ஊதா ஒட்டிய கட்டைவிரலைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு அவருக்கு உடம்பு சரியில்ல," என்றாள்.

காவலாளி சீட்டைக் கொண்டுபோய், சுவரில் தொங்கிய கம்பியில், மற்றச் சீட்டுகளுக்கு மேலே குத்தினார்.

முன்னூற்றுப் பதினாறு அதிகாரங்களில் மயானக் கதவைத் திறப்பது இல்லை. அதைக் காவலாளிதான் திறந்தார்.